விரதமா, தண்டனையா?

அழகர்கோவில் மலையடியில் தோழி நீட்டிய பிரசாத தோசையை வேண்டாமென்றேன். மூன்று மாதமாக இட்லி, தோசை, இனிப்பு எதுவுமில்லை. புரோபயாட்டிக் மாத்திரைகள் மட்டும். காரணம் சொல்ல நா எழவில்லை. அரிப்பு, வெள்ளைப்படுதல்: கேண்டிடா என்னும் பூஞ்சை. உடலைக் கவிதையில் எழுதுகிறவள், அதை மருத்துவரிடம் சொல்லக் கூசினேன்.

கேண்டிடா நம் உடலில் இயல்பாகவே வாழ்வது. ஆன்டிபயாட்டிக், கர்ப்பம், கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் போன்றவற்றால் பெருகும். ஏறத்தாழ நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தொற்று வருகிறது. மாவின் புளிப்பு அதை வளர்க்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை. அதற்கெதிரான நிஸ்டாட்டின் மருந்தை 1950-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்கள்.

பின் ஏன் வாயைக் கட்டினேன்? வயிற்றைக் காயப்போட்டால் உடல் தூய்மையாகும் என்றே வளர்க்கப்பட்டோம். நோயைக் குற்றமென்று நம்பியவளுக்கு உணவே தண்டனை. சர்க்கரையைக் குறைப்பது அக்கறையாக இருக்கலாம். மருத்துவரிடம் பேசாமலிருக்க அதைச் செய்தால், அது கூச்சத்தின் வேறு பெயர்.

தோழியிடம் சொன்னேன். "எனக்கும் இருந்துச்சுடி" என்றாள்.

அவளும் யாரிடமும் சொன்னதில்லை. தோசையைப் பாதியாகப் பிட்டுக்கொண்டோம். மறுநாள் மருத்துவரிடம் இருவருமாகப் போனோம்.