நின்ற தேர் மீண்டும் ஓடும்போது: பொருளின் ஒருமை பற்றிய சில மெய்யியற் சிந்தனைகள்

பல ஆண்டுகளாக ஓடாது கொட்டிலொன்றில் நின்ற பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றை மீண்டும் ஓடச் செய்தல், மேலோட்டமாக நோக்குமிடத்து, பட்டறைக்குரிய விடயமேயன்றி மெய்யியலுக்குரிய விடயமன்று. துருவோடும் எண்ணெயோடும் மல்லாடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சென்று, அவர் செய்வது எத்தகைய செயல் என வினவினால் அவர் நகைக்கவுங்கூடும். ஆயினும், அவ்வேலையின் ஒவ்வொரு படியிலும் அவர் விடைகூற வேண்டிய வினாக்கள் சில உள. எதனைக் கழற்றி எறிவது, எதனை வைத்துக்கொள்வது? பாகங்களிற் பாதி புதியனவான பின்னர் அது பழைய காரேதானா? ஓடச் செய்வதற்காக ஒரு பொருளின் பழைமையை அழித்தல் தகுமா? இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்லுமிடத்து, காலமாற்றத்தினூடு ஒரு பொருள் அதுவாகவே நிற்றல் என்னும் ஒருமைப் பிரச்சினையையும், பொருளிடத்து மனிதனுக்குள்ள கடமை என்னும் ஒழுக்கவியற் பிரச்சினையையும் நாம் எதிர்கொள்கின்றோம். அவற்றை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்.ஜி.பி. என்னும் ஸ்போட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலிருந்த தொழிற்சாலையில் 1962ஆம் ஆண்டு முதல், அத்தொழிற்சாலை மூடப்பட்ட 1980ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ ஐந்து இலட்சம் எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கொண்ட சிறிய வண்டி அது. அடிச்சட்டம் வேறு, உடல் வேறு என்றில்லாது, உடலே சட்டமுமாக அமைந்தது. எனவே கதவுகளின் கீழே ஓடும் தகரப் பெட்டிகள் துருப்பிடிப்பின், அழகு மட்டுமன்றி வண்டியின் உறுதியும் கெடும். இத்தகைய காரொன்று இருபது ஆண்டுகள் ஒரு கொட்டிலில் நின்றுள்ளது எனக் கொள்வோம்.

நிற்றல் ஓய்வு அன்று என்பதே அதனைத் திறந்து பார்ப்பவர் கற்கும் முதற்பாடமாகும். தாங்கியிலிருந்த பெற்றோல் கெட்டுப் பிசினாகிக் காபுரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றது. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தன் குழாய்களையும் சிலிண்டர்களையும் உள்ளிருந்தே அரிக்கின்றது. கிளச்சுத் தட்டு தான் அழுந்தி நின்ற சில்லோடு ஒட்டிக்கொள்கின்றது. ரயர்களின் வரிகள் தேயாது புதியனபோலத் தோன்றினும், இறப்பர் வெடித்துப் பயனற்றுப் போகின்றது. எலிகள் வயர்களைக் கறித்து, இருக்கையின் பஞ்சிற் கூடு கட்டுகின்றன. ஓடிய வண்டியைத் தேய்மானம் தின்றது. ஓடாத வண்டியை ஓடாமையே தின்றது. ஒன்றினைத் தொடாது விடுதல் அதனைக் காத்தலாகும் என்னும் பொதுவான எண்ணம் இங்குப் பிழைத்துவிடுகின்றது.

இரண்டாவது பாடம் பொறுமை பற்றியது. ஆர்வமிகுதியால் புதிய பற்றறியை இணைத்து உடனே சாவியைத் திருப்புவோர் பலர். சிலிண்டரின் சுவரோடு துருவினாற் பிணைந்திருக்கும் பிஸ்டன் வளையங்கள் அவ்வேளை முறிந்துபோகலாம். எண்ணெய் வடிந்து உலர்ந்த உறுப்புகள் ஒன்றையொன்று கீறலாம். அறிந்தவரோ முதலிற் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் வார்த்துச் சில நாட்கள் காத்திருப்பார். பின்னர் எஞ்சினைக் கையாலேயே மெல்லத் திருப்பிப் பார்ப்பார். எங்கேனும் தடை தென்படின் வலுவந்தம் செய்யார். பழைய எண்ணெயை அகற்றிப் புதிதிட்டு, தாங்கியைக் கழுவி, பிறேக்குகள் நிறுத்தும் என்பதை உறுதிசெய்த பின்னரே ஓட்டுதலைப் பற்றி எண்ணுவார். மின்னிணைப்புக் கொடுத்ததும் வண்டியின் பின்புறத்திலிருந்து பெற்றோல் பம்பியின் 'டிக், டிக்' என்னும் ஒலி கேட்குமாயின், அதுவே நெடுநாள் உறக்கத்தின் பின் அவர் பெறும் முதல் மறுமொழி. பொருளின் நிலையை அறியுமுன் அதன்மீது நம் விருப்பத்தைச் செலுத்துதல் அன்பாகாது என்பதனை இம்முறை உணர்த்துகின்றது.

இனி ஒருமைப் பிரச்சினைக்கு வருவோம். குழாய்களும் ரயர்களும் மாற்றப்பட்டன. தரை வெட்டி ஒட்டப்பட்டது. எஞ்சினும் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. எந்தக் கட்டத்திற் பழைய கார் மறைந்து புதிய கார் தோன்றியது? இவ்வினா மிகப் பழையது. தீசியசின் கப்பலை அதென்சு மக்கள் பேணி, உளுத்த பலகைகளுக்குப் பதிலாகப் புதியவற்றைப் பொருத்திவந்தனர் என்றும், அது அதே கப்பலா அன்றா என மெய்யியலாளர் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதினார். 1655ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றில் தோமஸ் ஹொப்ஸ் அப்புதிரை மேலும் இறுக்கினார். கழற்றிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் மீண்டும் கட்டுவானாயின், இரு கப்பல்களுள் எது தீசியசின் கப்பல் என்பது அவர் வினா.

கீழைத்தேய மரபிலும் இதனை ஒத்த ஆராய்ச்சி உண்டு. பாளி மொழியிலமைந்த மிலிந்த பஞ்ஞாவில், தேரேறி வந்த மன்னன் மிலிந்தனை நோக்கி நாகசேனர், ஏர்க்கால் தேரா, அச்சுத் தேரா, சில்லுத் தேரா என ஒவ்வொன்றாக வினவுகின்றார். எதுவும் தேரன்று, அனைத்தும் வெறுமனே கூடிக் கிடத்தலும் தேரன்று, இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது அவ்வுரையாடலின் முடிபு. கிரேக்கர் கப்பலில் தேடிய நிலையான ஒருமையை, பௌத்தர் தேரில் இல்லையென்றே கண்டனர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பெருமளவு மாற்றப்பட்ட வண்டியொன்று தன் பழைய பதிவிலக்கத்தை வைத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிக்கப் பிரித்தானிய வாகனப் பதிவு அதிகாரிகள் நீண்டகாலம் ஒரு புள்ளிமுறையைக் கைக்கொண்டனர். அடிச்சட்டத்துக்கு அல்லது சட்டமாயமைந்த உடலுக்கு 5 புள்ளிகள், தொங்கலமைப்பு, அச்சுகள், கியர்ப்பெட்டித் தொகுதி, திருப்புமமைப்பு என்பனவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் எட்டுப் புள்ளிகளாவது வேண்டும். நாகசேனரின் வினாவுக்கு எண்களால் விடையளிக்க முயன்றதாகவே இதனைக் கொள்ளலாம். காரின் இதயம் என நாம் கருதும் எஞ்சின் மிகக் குறைந்த மதிப்பைப் பெற்றமை கவனிக்கத்தக்கது.

ஹொப்சின் புதிரும் தெருவுக்கு வந்துவிட்டது. 1988ஆம் ஆண்டில், எம்.ஜி.பியின் உடல்கள் பழைய அச்சுக்கருவிகளைக் கொண்டே இங்கிலாந்தில் மீண்டும் செய்யப்படலாயின. ஒருவர் தம் பழைய காரின் உறுப்புகளையெல்லாம் புதிய உடலுக்கு மாற்றிவிடலாம். அவர் கழித்த துருவேறிய உடலை வேறொருவர் பெற்று, ஒட்டுப்போட்டு, வேறு உறுப்புகளைப் பொருத்தி ஓட்டவுங்கூடும். இரண்டுக்கும் ஒரே பிறப்பை உரிமைகோர இடமுண்டு. சடப்பொருளை மட்டும் எண்ணி இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது.

உண்மையிலேயே நீதிமன்றம் சென்ற வழக்கொன்று இங்கு நோக்கற்பாலது. 1929ஆம், 1930ஆம் ஆண்டுகளில் பிரான்சின் லெ மான் ஓட்டத்தில் வென்ற பென்ற்லி கார் 'பழைய இலக்கம் ஒன்று' என அழைக்கப்பட்டது. பின்னர் அது பெரிய எஞ்சின் பொருத்தப்பட்டு ஓடியது. 1932ஆம் ஆண்டு புறூக்லண்ட்ஸ் ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகியது. சாரதி கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். வண்டி மீண்டும் கட்டப்பட்டு வேறு உடலும் பெற்றது. 1990ஆம் ஆண்டில் அதனை ஒரு கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்ட நிறுவனம், இது அந்தக் கார் அன்று எனக் கூறி மறுத்தது. லெ மானில் வென்ற வண்டியின் பாகங்களுள் மிகச் சிலவே எஞ்சியிருந்தமை உண்மையே. எனினும், நீதிபதி ஒட்டன் அதனைப் 'பழைய இலக்கம் ஒன்று' என்றே தீர்த்தார். பாகங்கள் ஒரேயடியாக மறைந்து வேறொரு பொருள் அவ்விடத்தில் வைக்கப்படவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முன்னைய நிலையைத் தொடர்ந்தே நிகழ்ந்தது. இடையறாத அவ்வரலாற்றையே அவர் ஒருமையின் ஆதாரமாகக் கொண்டார்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். இடையறாத வரலாறே ஒருமையாயின், இருபது ஆண்டுகள் அசையாது நின்ற காரின் வரலாறு அறுபட்டதன்றோ? இதற்கு ஜோன் லொக் தரும் விளக்கம் துணைபுரியும். 1694ஆம் ஆண்டில் தம் நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த இயலில், விலங்கின் ஒருமை அதன் சடத்துணிக்கைகளில் அன்றி, ஒரு நோக்கத்துக்காக உறுப்புகள் ஒழுங்குற்று உயிர் தொடர்வதில் உள்ளது என அவர் கூறினார். அதனை விளக்கக் கடிகாரத்தை உவமித்தார். ஓடாத கடிகாரத்திலும் அவ்வொழுங்கு எஞ்சியிருக்கலாம். அரிஸ்ரோட்டிலின் மொழியிற் கூறின், செயல்நிலை நீங்கினும் ஆற்றல்நிலை நீங்கவில்லை. ஆனால் உடல் முற்றாக உக்கி, ஒழுங்கே அழிந்துபோன வண்டி, வெட்டுண்ட கையைக் கை என்பதுபோல, பெயரளவிலேயே கார். ஆகவே நின்ற காரை ஓடச் செய்பவர், அறுபடும் தறுவாயிலிருந்த தொடர்ச்சியொன்றைத் தம் கையில் ஏற்றுக்கொள்கின்றார்.

அவ்வாறு ஏற்றவர்க்குள்ள கடமை யாது? இங்கு இரு நெறிகள் முரண்படுகின்றன. ஒன்று, மங்கிய நிறத்தையும் கிழிந்த தோலையும் உள்ளவாறே பேணவேண்டும். அவை அப்பொருள் வாழ்ந்த வாழ்வின் சான்றுகள் என்பது. மற்றொன்று, கார் ஓடுவதற்கென்றே பிறந்தது; ஓடாத காரைக் கண்ணாடிக் கூட்டில் வைத்தல் அதன் இயல்பை மறுத்தலாகும் என்பது. நினைவுச்சின்னங்கள் பற்றி 1964ஆம் ஆண்டு எழுந்த வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012ஆம் ஆண்டில் துரின் சாசனத்தை ஏற்றது. பேணுதலையும் புதுப்பித்தலையும் வேறுபடுத்திய அச்சாசனம், பழைய வாகனங்களை ஓட்டிப் பயன்படுத்துதலும் அவற்றைப் பேணுதலின் பகுதியே என ஏற்றுக்கொண்டது. எமது கருத்தில், இம்முரண்பாட்டைத் தீர்ப்பது வாய்மையே. தேவையானதை மட்டும் மாற்றுக. மாற்றியதை மறையாது எழுதிவைக்க. கழற்றியவற்றுட் பயனுடையனவற்றைப் பேணுக. புதியதைப் பழையதென விற்கற்க. தொடர்ச்சியே ஒருமையாயின், அத்தொடர்ச்சி பற்றிப் பொய்யுரைத்தல் விலையில் மட்டும் ஏமாற்றுதலன்று. அப்பொருளின் ஒருமையையே குலைத்தலாகும்.

இறுதியாக ஒரு கடுமையான வினா உண்டு. உணவும் மருந்தும் இல்லாதோர் உள்ள உலகில், ஒரு விளையாட்டுக் காருக்குப் பணமும் காலமும் செலவிடுதல் அறமாகுமா? எம்.ஜி.பியின் எஞ்சினும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின் எஞ்சினும் பி-வரிசை எனப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1990களின் முற்பகுதியில், பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. பழசுபார்த்தல் அங்குப் பொழுதுபோக்கன்று. ஊரின் போக்குவரத்தே அதில் தங்கியிருந்தது. அதனோடு ஒப்பிடுமிடத்து, செல்வர் ஒருவர் தம் பெருமைக்காக வாகனங்களைச் சேர்த்துப் பூட்டிவைத்தல் வீண் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் தன் கையாலேயே கழற்றி, கழுவி, அறிந்து, ஓடச் செய்பவரிடத்து விளையும் திறன் வேறு. பழுதானதை எறியாது பழுதின் காரணத்தை நாடும் மனப்பழக்கம் அது. தேவை வந்தபோது யாழ்ப்பாணத்துக் கைகள் பயன்படுத்தியதும் அப்பழக்கத்தையே. பேணுங் கலை அன்பினாற் பயிலப்படாத சமூகத்தில், இடர் வருங்காலத்தில் அது திடீரெனத் தோன்றிவிடாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நெடுநாள் நின்ற காரை ஓடச் செய்தல் கடந்த காலத்துக்குத் திரும்புதலன்று என்பது புலனாகும். அபிங்டனிலிருந்து வெளிவந்த அன்றைய காரை எவராலும் மீட்டுத்தர இயலாது. இயல்வது, அதன் வரலாற்றில் அடுத்த பக்கத்தை நேர்மையாக எழுதுவதே. நாகசேனர் கூறியவாறு தேர் என்பது ஒரு பெயரேயாயினும், அப்பெயரை யாருக்கு, எக்காரணத்தால் வழங்குகின்றோம் என்பதற்கு நாம் பொறுப்புடையோம். அப்பொறுப்பைப் பேணுவோர் கையில் உள்ளவரை, பாகங்கள் பல மாறினும் அது அதே தேர் எனக் கூறுதல் தகும்.