சட்டத்தின் சொல்லும் நீதிபதியின் மனமும்

நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவர் எதற்குக் கட்டுப்பட்டவர்? சட்டத்தில் எழுதியுள்ள சொல்லுக்கா, தம் உள்ளம் நியாயம் என்று கருதுவதற்கா? சொல்லுக்கே என்று உறுதியாக நின்றவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக்.

1937 முதல் 1971 வரை 34 ஆண்டுகள் அப்பதவியில் இருந்த அவர், அரசியல் சட்டத்தின் சிறு பிரதியொன்றைத் தம் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பார். பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றலாகாது என்கிறது 1791-இல் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம். ‘எதையும்’ என்றால் எதையும்தான். அதில் விதிவிலக்குத் தேட எவருக்கும் அதிகாரமில்லை என்பது அவர் வாதம். வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிடாமல் தடுக்க 1971-இல் அரசு முனைந்தபோது, இச்சொல்லைக் கொண்டே அதை எதிர்த்தார்.

இத்தகைய பிடிவாதத்தால் பயன் யாது? 1965-ஆம் ஆண்டு வழக்கொன்றைப் பாருங்கள். கருத்தடைச் சாதனங்களின் உபயோகத்தைக் குற்றமாக்கிய கனெக்டிகட் மாநிலச் சட்டம் செல்லாது என ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அச்சட்டம் பிளாக்குக்கும் வெறுப்பானதே. ஆயினும், அதைத் தடுக்கும் சொல் அரசியல் சட்டத்தில் இல்லை எனக் கூறி அவர் மாறுபட்டார். தமக்குப் பிடிக்காததை எல்லாம் நீதிபதிகள் தள்ளத் தொடங்கினால், சட்டத்தின் ஆட்சி போய் நீதிபதிகளின் ஆட்சி வந்துவிடும் என்று அஞ்சினார். பதவி ஓர் அமானிதம். அதைத் தம் விருப்பத்துக்குச் செலவிட மறுத்தது அவரது நேர்மை.

ஆனால் அதே பிளாக்கின் 1944-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் நாம் மறந்துவிடலாகாது. முறையான சட்ட நடைமுறையின்றி எந்த மனிதரின் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பதும் அரசியல் சட்டத்தின் சொல்தான். போரைக் காரணம் காட்டி, ஜப்பானிய வம்சத்தவர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்குக் கரையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த வெளியேற்ற உத்தரவு செல்லும் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பிளாக். மூவர் மறுத்தனர். அத்தீர்ப்பு வழங்கப்பட்ட அன்றே தவறானது என 2018-இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எழுதினார்.

சொல்லைப் பற்றி நிற்பது நம் மனவிருப்பத்துக்குக் கடிவாளமாகும். ஆனால் அச்சம் வந்து கதவைத் தட்டும்போது, அச்சொல்லைக் காக்க நெஞ்சுரமும் வேண்டும். நீதிமன்றத்துக்கு மட்டுமா இது? பாகப் பிரிவினையிலும், கொடுக்கல் வாங்கலிலும், கொடுத்த வாக்கிலும் இதே சோதனைதான். சொல் நமக்குச் சாதகமாக இருக்கும்போது அதைப் பற்றுவது எவருக்கும் எளிது. நமக்கு நஷ்டமாகும் நாளிலும், ஊரே அஞ்சி நிற்கும் நாளிலும் அதைக் கைவிடாதவரே நீதியாளர்.