கேள்வியும் பொதுச் சொத்தே

‘அரட்டை’ என்ற சொல்லை வீண்பேச்சு என்ற பொருளிலேயே நாம் வழங்கி வருகின்றோம். இணையத்து அரட்டை அறைகளையும் அக்கண்கொண்டே நோக்கி ஒதுக்கிவிட்டோம். ஆயின், அவற்றுள் பழமையான ஒன்றை மீண்டும் எண்ணிப் பார்க்கவேண்டிய காலம் வந்துள்ளது.

1988ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினன் என்பவர் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை ஆக்கினார். படமில்லை, ஒலியில்லை; எழுத்து வரிகள் மட்டுமே. புனைபெயரொன்றைச் சூடி எவரும் நுழையலாம். 1991 ஓகஸ்டில் மொஸ்கோவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நிகழ்ந்தபோது, செய்திகள் இவ்வழியாகவும் வெளியுலகை அடைந்தன. லினக்ஸ், பைதன் ஆகியவற்றைக் கற்போர் இன்றும் இத்தகைய அறைகளிற் கூடுகின்றனர்.

‘கேட்கலாமா என்று கேளாதே, நேரே கேள்’ என்பது அங்குள்ள மரபு. புதியவர் தம் ஐயத்தைப் பலர்முன் வைக்கிறார். அறிந்த ஒருவர் விடை தருகிறார். பிறிதொருவர் அதைத் திருத்துகிறார். வாய்திறவாத பலரும் அதனைப் படித்துத் தெளிகின்றனர். வகுப்பிலே துணிந்தெழுந்து கேட்கும் மாணவன், கேட்க அஞ்சிய நாற்பது பேருக்கும் சேர்த்தே கேட்கிறான் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

இன்றோ நாம் செயற்கை அறிவுப் பொறியிடம் தனிமையில் வினவுகின்றோம். விடை விரைந்து வருகிறது, நாணவேண்டிய தேவையுமில்லை. ஆனால், அவ்விடையால் அயலவர் பெற்றது யாது? ஏளனத்துக்கு அஞ்சுவோருக்கு அத்தனிமை புகலிடமாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய அறைகளிலும் ‘கைந்நூலைப் படித்துவிட்டு வா’ என விரட்டிய ஆணவம் இருந்தது. ஆங்கிலம் அறியாதார்க்குப் பெரும்பாலும் கதவு அடைத்தே கிடந்தது. அக்குறைகளைக் களைவது வேறு. கூடிக்கற்கும் முறையையே கைவிடுவது வேறு.

அவ்வறைகள் யாருக்குச் சொந்தம் என்பதும் சிந்தனைக்குரியது. அவற்றுக்கு இடமளித்த ஃபிறீநோட் என்னும் வலையமைப்பின் கட்டுப்பாடு பற்றி 2021 மே மாதத்தில் பிணக்கு மூண்டது. அதனை நடத்திவந்த தொண்டர்கள் வெளியேறி, லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பை நிறுவினர். உபுண்டு, விக்கிமீடியா முதலிய சமூகங்கள் அங்கே பெயர்ந்தன. பழைய பெயர் ஒரு தரப்பிடம் நின்றது. மக்களோ வேறிடத்திற் கூடினர்.

நம் ஆசிரியரும் மாணவரும் தமிழிலே இத்தகைய அறையொன்றைத் திறப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. மெதுவான இணைப்பே போதும். ‘எனக்கு விளங்கவில்லை’ எனப் பலரறியச் சொல்லும் துணிவும், அதைக் கேட்டு நகையாத பண்புமே வேண்டும்.