மறுதரப்பின் சொல்

குற்றவாளி என்று உலகமே விரல் நீட்டும் ஒருவனுக்கு விசாரணை எதற்கு? அவனுக்கு எதிராகக் கூறப்படும் சான்றை அவன் காதாரக் கேட்க வேண்டுமா? மறுத்துப் பேச அவனுக்கு வாய்ப்பளித்தே ஆக வேண்டுமா? இவ்வினாக்கள் சட்ட வல்லுநர்க்கு மட்டும் உரியன அல்ல; நீதியை நாடும் ஒவ்வொருவர் முன்னும் நிற்பவை.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 3000 உயிர்கள் பறிக்கப்பட்டன. மாண்டோரில் பெரும்பாலோர் காலையில் அன்றாட அலுவலுக்குச் சென்ற எளிய மக்கள். ஓர் உயிரின் மதிப்பை மனித குலம் முழுமையின் மதிப்போடு வைத்து எண்ணும் திருமறையை ஓதுகின்ற நாம், அக்கொடுஞ்செயலுக்கு எள்ளளவும் சமாதானம் தேட மாட்டோம். நம் கேள்வி அதற்குப் பின்னர் எழுவது.

அவ்வாண்டு நவம்பர் 13 அன்று அதிபர் புஷ் பிறப்பித்த ஆணை, அந்நிய நாட்டவரை விசாரிக்க இராணுவ ஆணையங்களுக்கு வழி வகுத்தது. 2002இல் வெளியான நடைமுறை விதிகள், இரகசியம் காக்கும் பொருட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டவரையே அமர்விலிருந்து விலக்கி வைக்க இடமளித்தன. அவருக்கென நியமிக்கப்பட்ட இராணுவ வழக்கறிஞர் உள்ளே இருக்கலாம். ஆனால் தாம் கேட்டதைத் தம் கட்சிக்காரரிடம் கூறலாகாது எனத் தடுக்கப்படலாம். ஒருவரது கழுத்தைப் பற்றிய வழக்கில், அவர் மீது சொல்லப்பட்டது இன்னதென அவர் ஒருவரே அறியாதவர்!

2006 ஜூன் 29 அன்று, ஹம்தான் வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில், அவ்வாணையங்கள் இராணுவச் சட்டத்துக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் முரணானவை எனத் தீர்ப்பளித்தது. தன் நாட்டு அதிபரின் ஆணையைத் தடுத்து நிறுத்திய அம்மன்றத்தைப் பாராட்ட நமக்குத் தயக்கமில்லை. பின்னர் 2006இலும் 2009இலும் புதுச் சட்டங்கள் வந்தன. சித்திரவதையால் பெற்ற வாக்குமூலம் செல்லாது என 2009ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

ஆயினும் விதி ஏட்டில் திருந்துவது வேறு, மன்றத்தில் திருந்துவது வேறு. குவாண்டநாமோ நீதிமன்றத்தில் பார்வையாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்வர். உள்ளே பேசுவது 40 விநாடி கழித்தே அவர்கள் செவியை எட்டும். 2013 ஜனவரி 28 அன்று திடீரெனச் சிவப்பு விளக்கு எரிந்தது; ஒலி நின்றது. நிறுத்தியவர் நீதிபதி அல்லர். மன்றத்துக்கு வெளியே இருந்த ஒரு கை! நீதிபதியே வெகுண்டார், வெளியிலிருந்து ஒலியை நிறுத்தும் அவ்வசதியைத் துண்டிக்குமாறு பின்னர் ஆணையிட்டார்.

இங்கே திருமறையின் 'ஸாத்' அத்தியாயத்தில் வரும் தாவூத் நபி (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. வழக்காடிகள் இருவர் அவர்கள் முன் வந்தனர். தன்னிடம் இருப்பது ஒரே ஓர் ஆடு என்றும், 99 ஆடுகளுக்கு உரியவன் அதனையும் கேட்டு வல்லடி செய்கின்றான் என்றும் ஒருவன் முறையிட்டான். உடனே தாவூத் நபி அவன் பக்கம் நியாயம் உரைத்தார்கள். பின்னர் அது தமக்கு வந்த சோதனை என உணர்ந்து, பாவமன்னிப்புக் கோரிச் சிரம் தாழ்த்தினார்கள். மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்புரைத்ததே அச்சோதனையின் உட்பொருள் என விரிவுரையாளருள் ஒரு சாரார் விளக்குவர். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓராடும் 99 ஆடும் எனக் கேட்டவுடன் எவர் நெஞ்சு இளகாது? பாதிக்கப்பட்டவர்பால் நமக்குள்ள இரக்கம் மிகும் தருணமே, மறுதரப்பின் சொல்லை மறந்துவிடும் தருணம். ஆதலால் நடைமுறை விதி என்பது கல்நெஞ்சர்க்கு மட்டும் இட்ட வேலி அன்று. இளகிய நெஞ்சர்க்கும் இட்ட வேலியாகும்.

அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்புகையில், முதலாமவரைக் கேட்டது போன்றே இரண்டாமவரையும் கேட்கும் வரை தீர்ப்புச் செய்யலாகாது என அண்ணலார் (ஸல்) அவர்கள் கற்பித்ததை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம்.

"போர்க்காலத்தில் இரகசியம் வேண்டாவோ?" எனச் சிலர் வினவலாம். வேண்டும். நம் ஃபிக்ஹு மேதைகளும் இரகசிய விசாரணை ஒன்றை அனுமதித்தனர். சாட்சியின் நன்னடத்தையைக் காழி மறைவாக விசாரித்து அறிவதே அது. அவர்கள் மறைத்தது சாட்சியின் தகுதியைப் பற்றிய ஆய்வை, சாட்சியத்தை அன்று. சாட்சியம் மன்றத்தில் சொல்லப்படும். எதிர்தரப்பு அதனைக் குறை கூறி மறுக்கலாம். இரகசியம் எதுவரை செல்லலாம் என்பதற்கு இது நல்ல எல்லைக்கோடு.

வாக்குமூலத்தின் நிலையும் இதுவே. இக்ராஹ் எனும் நிர்ப்பந்தம் புகுந்த இடத்தில் இக்ரார் எனும் ஒப்புதல் நிலைக்காது என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. முதன்மைக் குற்றவாளி எனக் கூறப்படும் காலித் ஷேக் முகம்மது, 2003 மார்ச்சில் மட்டும் 183 முறை நீரால் மூச்சுத் திணறடிக்கப்பட்டார் என அமெரிக்க அரசின் ஆவணமே கூறுகிறது. விளைவு யாது? எந்தச் சொல் வதையில் பிறந்தது, எது பிறக்கவில்லை என்ற வழக்காடலிலேயே ஆண்டுகள் கழிந்தன. 2024இல் எட்டிய குற்ற ஒப்புதல் உடன்பாட்டைப் பாதுகாப்பு அமைச்சர் விலக்கிக்கொண்டார். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு மன்றமும் அவர் பக்கமே நின்றது. குற்றம் நிகழ்ந்து 23 ஆண்டுகள் கடந்திருந்த அந்நாளிலும் முதன்மை விசாரணை தொடங்கியிருக்கவில்லை. நீதியை விரைவுபடுத்த எண்ணி விதியைக் கடந்தனர். கடந்த அக்குறுக்கு வழியே நீதியைத் தாமதித்தது. தந்தையை இழந்த பிள்ளைகள் தீர்ப்பைக் காணாமலே நடுவயதை எட்டினர். நேரிய விசாரணை குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை மட்டுமன்று, மாண்டோர் குடும்பத்தாரின் உரிமையும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அயலாரை மட்டும் குறை கூறி அமைவது நமக்கு அழகன்று. 2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளியில் நூற்றுக்கு மேற்பட்ட சிறார்கள் படுகொலை செய்யப்பட்ட துயரத்துக்குப் பின், 2015 ஜனவரியில் பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்திக் குடிமக்களை இராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தியது. மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர். 2019 வரை அவ்வேற்பாடு நீடித்தது. அங்கும் இரக்கமும் சினமும் விதியை முந்தின. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி வழுவக் காரணமாகலாகாது என்னும் 'மாயிதா' அத்தியாயக் கட்டளை, அதனை ஓதுவோர்க்கே முதலில் பொருந்தும்.

நம் இல்லங்களிலும் ஜமாஅத்துகளிலும் கண்ணீரோடு முதலில் வந்தவர் சொல்லைக் கேட்டு, இரண்டாமவர் வருமுன்னரே மனத்துள் தீர்ப்பெழுதி விடுகின்றோம் அல்லவா? பெரிய மன்றங்களின் பிழை இச்சிறு மன்றங்களிலேயே வித்திடப்படுகிறது. இரு தரப்பையும் ஒரே செவியால் கேட்கும் பொறுமையை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.