மண்ணுக்குள் போகும் வேலை

யாரும் பார்க்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வேலையை ஏன் சரியாகச் செய்ய வேண்டும்? சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் இன்டர்ன்ஷிப்புக்குப் போன இடத்தில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பாடப் புத்தகங்களில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. பெரியபுராணத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நான் கடம்பத்தூர்க்காரி. வேலை நடந்தது திருநின்றவூருக்குப் பக்கத்தில், ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பில். அரக்கோணத்திலிருந்து வரும் மின்சார ரயிலில் ஏறினால் ஏகாட்டூர், திருவள்ளூர், புட்லூர், செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, அதற்கடுத்து திருநின்றவூர். நான் சேர்ந்தபோது தரைக்கு மேலே கட்டடம் என்று எதுவும் எழும்பியிருக்கவில்லை. வெட்டிய குழிகளும், கும்மிடிப்பூண்டி ஆலைகளிலிருந்து வந்திறங்கிய கம்பிக் கட்டுகளும்தான் இருந்தன. செக்லிஸ்டை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்குவது என் வேலை. வரைபடத்தில் சொன்ன கம்பி, சொன்ன இடைவெளியில் இருக்கிறதா, அடியில் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, தூணுக்கான ரிங்குகளின் கொக்கி 135 டிகிரிக்கு உள்பக்கம் மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டதும் ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கும், வைப்ரேட்டர் ஓடும். கான்கிரீட் போட்டு மண்ணையும் மூடிவிட்டால் அந்தக் கம்பியை அப்புறம் எவர் கண்ணும் பார்க்காது.

அந்தக் கொக்கியை 90 டிகிரியில் நிறுத்திவிட்டால் வேலை வேகமாக முடியும், கூட்டில் மாட்டுவதும் சுலபம். கம்பி கட்டுபவர்களுக்குக் கூலி டன் கணக்கில் என்பதால் வேகம்தான் காசு. சாதாரண நாட்களில் அந்த ரிங்கும் நிற்கும். பூமி அதிர்ந்து, தூணின் வெளிப்பக்கக் கான்கிரீட் பெயர்ந்து விழும் நாளில்தான் அது வாய் திறந்துகொள்ளும். 135 டிகிரிக்கு வளைத்தது உள்ளிருக்கும் கான்கிரீட்டைப் பிடித்த பிடி விடாது. ஒரு சாயங்காலம் கம்பி மேஸ்திரி, மடிப்பு குறைந்த ரிங்குகளைத் தனியே பொறுக்கியெடுத்து மறுபடி வளைத்துக்கொண்டிருந்தார். அவை இன்னும் என் சோதனைக்கே வரவில்லை. “யாரும் சொல்லலியேண்ணா?” என்று கேட்டேன். “பிரிஞ்சிடும்மா” என்றார். அதற்குமேல் அவரிடம் பேச்சில்லை.

திருநின்றவூர், பெரியபுராணத்தில் வரும் பூசலாருடைய ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், கையில் பொருளில்லை. எங்கெங்கோ தேடியும் கிடைக்கவில்லை. அதனால் மனத்துக்குள்ளேயே கட்டினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ அரசர் ஒரு கற்கோயிலை முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தார். அவர் ராஜசிம்மன் என்றும், அது கைலாசநாதர் கோயில் என்றும் சொல்வார்கள். அரசரின் கனவில் சிவன் வந்து, “அன்றைக்கு நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குள் போகவேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள்” என்கிறார். அரசர் தேடிக்கொண்டு வந்து பார்த்தால் ஊரில் அப்படியொரு கோயிலே இல்லை. இன்று திருநின்றவூரில் இருக்கும் இருதயாலீஸ்வரர் கோயிலின் கருவறையில் பூசலாரும் இருக்கிறார். இதய நோய் தீர வேண்டிக்கொண்டு வருபவர்கள் பலர்.

இந்தக் கதையை, மனசு இருந்தால் போதும், கல்லும் காசும் எதற்கு என்று முடிப்பதே வழக்கம். சைட்டில் நின்றபிறகு எனக்கு அது போதவில்லை. சேக்கிழார் சொல்வதை ஒரு கட்டுமானக்காரியாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பூசலார் மனத்திலே பொருள் சேர்க்கிறார், தச்சர்களை வரவழைக்கிறார், நல்ல நாள் பார்த்து அடிநிலையிலிருந்து தொடங்குகிறார், இரவிலும் கண்மூடாமல் வேலை பார்க்கிறார். சிகரம் முடிந்தபிறகு சுதை வேலை, கிணறு, மதில், குளம். நினைத்த மாத்திரத்தில் கோபுரத்தையே நிறுத்திக்கொள்ளக் கூடியவருக்கு அஸ்திவாரம் எதற்கு? ஆட்கள் எதற்கு? குறுக்கு வழி முழுக்கத் திறந்திருந்தது, கேட்க ஒருவரும் இல்லை. அவர் அதில் போகவில்லை. யாருக்குமே தெரியாத இடத்தில் ஒரு படியைக்கூடத் தாண்டாமல் கட்டினார். அந்தக் கோயிலின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

அரசரின் கோயிலைக் கடவுள் தள்ளிவிடவும் இல்லை. நாளைத்தான் மாற்றச் சொன்னார். 1,300 ஆண்டுகளாக அது காஞ்சியில் நிற்கிறது. மேலே மணற்கல், அடிவரிசையில் கருங்கல். எந்தக் கல் எடை தாங்கும் என்று தெரிந்த கைகள் அதை வைத்திருக்கின்றன. அவர்கள் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

“எல்லாவற்றையும் கடவுள் பார்க்கிறார், அதனால் ஒழுங்காகச் செய்” என்று ஒருவர் சொல்லலாம். அப்படியென்றால் அவர் இன்னொரு இன்ஸ்பெக்டர் ஆகிவிடுகிறார், நம் வேலை பயத்தில் செய்ததாகிறது. பூசலார் கதையில் சிவன் சோதிக்க வரவில்லை, குடியேற வருகிறார். எனக்குக் கிடைத்த பதில் இதுதான். சோதிக்க வருபவர் ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருக்கப் போகிறவர் தன் உடம்பையும் தூக்கத்தையும் அந்தச் சுவர்களை நம்பி ஒப்படைக்கிறார். மறைந்து போகும் வேலை முழுவதும் அவருக்காகச் செய்வது.

ஒரு கட்டடத்தில் முதலில் குடியிருப்பவர்கள் அதைக் கட்டுபவர்கள்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தொழிலாளர்கள். ஜூலை 6-ல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு கிடங்குச் சுவர் இடிந்து, பக்கத்துக் குடிசைகளில் தூங்கிக்கொண்டிருந்த 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். கட்டியவற்றில் யாரும் பால் காய்ச்சிக் குடியேறும் முன்பே உயிர்கள் போய்விட்டன.

ஆகவே இந்தக் கடமையை மேஸ்திரியின் நல்ல மனசை நம்பி விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. டன் கணக்கில் கூலி கொடுத்து, நாளைக்கே கான்கிரீட் என்று விரட்டிவிட்டு, அவரிடம் பூசலாரின் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். 135 டிகிரிக்கு வளைக்க ஆகும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி தருவதும், சரியாகும்வரை லாரியை வரவிடாமல் நிறுத்துவதும் கையெழுத்துப் போடுபவரின் பொறுப்பு. படிப்பு முடிந்ததும் அந்த இடத்துக்குத்தான் நான் போகப்போகிறேன். அங்கே “இன்னும் முடியலை, ஒருநாள் தள்ளி வையுங்கள்” என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம் எனக்கு வேண்டும். அரசரிடமே நாளை மாற்றச் சொன்ன கடவுளிடம் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.