விதைக்காத நிலத்துக்கு விலை

உழுதவனுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம். உழாதிருப்பதற்கும் கூலி கொடுத்த நாடு ஒன்று உண்டென்றால், கட்டுக்கதை என்போம். கதையல்ல, அமெரிக்க நாட்டின் சட்டம்! 1933ஆம் ஆண்டு பருத்தி விலை பாதாளத்தில் கிடந்தது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்று கணக்கிட்ட அரசு, ஏறத்தாழ 1 கோடி ஏக்கரில் வளர்ந்து நின்ற செடியையே உழுது அழிக்கச் சொல்லிப் பணம் தந்தது.

நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. வானமும் சந்தையும் ஒருசேரக் கைவிட்டால் உழவன் என்ன செய்வான்? அவனைத் தாங்கிப் பிடிப்பது அரசின் கடமை. நாம் கேட்பது வேறு. அந்தப் பணம் யாருக்கு உரியது? மண்ணை உடையவனுக்கா, மண்ணில் உழைத்தவனுக்கா?

மிசிசிப்பி மாநிலத்துச் சன்பிளவர் மாவட்டத்தைப் பாருங்கள். பெயர் சூரியகாந்தி, பூத்ததோ பருத்தி! நிலம் வெள்ளையர் சிலரிடம். உழைப்பு கறுப்பு மக்களிடம். அமெரிக்கத் தென்மாநிலங்கள் எங்கும் அதே நிலைதான். வாரத்துக்குப் பயிரிட்ட குடிகளுக்கும் மானியத்தில் பங்குண்டு என்று ஏட்டில் எழுதியிருந்தது. பணம் வந்ததோ பண்ணையார் கைக்கு. பழைய கடன் என்று சொல்லிக் குடியின் பங்கையும் பிடித்துக்கொண்டார் பலர். தரிசு நிலத்துக்குக் குடி எதற்கு என்று குடிசையையும் காலி செய்யச் சொன்னார்கள். கண்காணிக்க ஊர்க் குழுக்கள் இல்லையா எனலாம். இருந்தன, அவற்றில் அமர்ந்தவரும் நிலமுடையோரே! குடிகளை வெளியேற்றலாகாது என்று சட்டத்துக்குப் பொருள் கூறிய வேளாண்மைத்துறை வழக்கறிஞர்களோ 1935 பிப்ரவரியில் வேலையிழந்தனர்.

ஆண்டுகள் உருண்டன. 1967ஆம் ஆண்டு, அதே மாவட்டத்தில் 5,000 ஏக்கருக்கு மேல் பண்ணை வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டு, பருத்தித் திட்டத்தின்கீழ் 1 லட்சம் டாலருக்கு மேல் பெற்றார். மைய அரசு மாநிலத்தில் தலையிடலாகாது என்று, கறுப்பு மக்களின் உரிமைச் சட்டங்களை எதிர்த்து முழங்கியவர் அவர். மைய அரசின் காசோலை மட்டும் தலையீடாகத் தோன்றவில்லை போலும்! அதே ஆண்டு ஏப்ரலில் பக்கத்து மாவட்டக் குடிசைகளில் பசித்த குழந்தைகளைக் கண்டு திகைத்தார் ராபர்ட் கென்னடி. ஏழைகளுக்கு உணவுச் சீட்டு உண்டு. ஆனால் அந்தச் சீட்டையும் அன்று காசு கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. காசே இல்லாத தாய் எதைக் கொடுத்து வாங்குவாள்?

ஒரே கருவூலம், ஒரே டாலர். செல்வர் பெற்றால் அதற்கு ‘ஆதரவு’ என்று பெயர். ஏழை கேட்டால் ‘பிச்சை’. விலை வீழ்ச்சியில் விவசாயி சோம்பேறி ஆவதில்லை. வேலை வீழ்ச்சியில் தொழிலாளி மட்டும் எப்படிச் சோம்பேறி ஆகிறான்? இதற்கு விடை சொன்னவரை நாம் இன்னும் காணவில்லை.

1970ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று வரம்பு கட்டியது. உடனே ஒரு பண்ணை, தாளில் பல பண்ணைகள் ஆயிற்று; மனைவி, மக்கள், உறவினர் எல்லோரும் உழவர் ஆனார்கள்! இன்றைய பயிர்த் திட்டங்களிலும், பழைய பதிவேட்டில் உள்ள ‘அடிப்படை ஏக்கர்’ கொண்டே தொகை கணக்கிடப்படுகிறது. ஏக்கருக்குப் பதிவேடு உண்டு. அதில் வியர்வை சிந்தியவனுக்கு?

சன்பிளவர் மாவட்டத்துப் பண்ணையொன்றில் 18 ஆண்டு உழைத்தவர் பானி லூ ஹேமர் அம்மையார். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று வாக்காளராகப் பதியச் சென்றார்; அன்றே பண்ணையை விட்டு வெளியேற்றப்பட்டார். 1969இல் அதே மாவட்டத்தில் நன்கொடை திரட்டி 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். பருத்தியை விடக் காய்கறிக்கே அங்கு முதலிடம். விளைந்ததை வேலையிழந்த குடும்பங்கள் உண்டன. சில ஆண்டுகளில் பண முடையால் அப்பண்ணை மூடப்பட்டது. பக்கத்துப் பெரும்பண்ணைகளுக்குக் காசோலை வந்துகொண்டுதான் இருந்தது.