கறுப்புக் கோட்டின் கடமை

நீதித்துறைச் சுதந்திரம் என்பது நீதிபதிக்கு வழங்கப்படும் சலுகையன்று. ஆட்சியாளருக்கு அஞ்சாமல் தீர்ப்பளிக்கும் மன்றம் ஒன்று தமக்கு வேண்டும் என்ற குடிமக்களின் உரிமையாகும். பாகிஸ்தானில் 2007 மார்ச் 9 அன்று தலைமை நீதிபதி இப்திகார் முகமது சௌத்ரியை அதிபர் பர்வேஸ் முஷரஃப் பணியிலிருந்து விலக்கி வைத்தபோது, அவ்வுரிமைக்காக முன்னின்று தெருவில் இறங்கியவர்கள் வழக்கறிஞர்களே. கறுப்புக் கோட்டும் டையுமாகத் திரண்ட அவர்கள், நீதிமன்றங்களைப் புறக்கணித்து அன்றாட வருமானத்தை இழந்ததோடு, தடியடியையும் கண்ணீர்ப்புகையையும் தாங்கினர்.

ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. ஆயினும் நவம்பர் 3 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, அதாவது அரசமைப்புச் சட்டமே நிறுத்தி வைக்கப்பட்டு, அவரும் வேறு பல நீதிபதிகளும் நீக்கப்பட்டனர். முஷரஃப் பதவி விலகிய பின்னும் ஓயாத போராட்டம், 2009 மார்ச்சில் இஸ்லாமாபாத்தை நோக்கிய நெடும்பயணமாக வளர்ந்த பிறகே தலைமை நீதிபதி பதவிக்குத் திரும்பினார்.

வழக்கறிஞர்கள் மனித உரிமைகளை நிலைநாட்ட முயல வேண்டும் என்று 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் கூறுகின்றன. கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில். வாதாடுவதற்கு ஒரு மன்றம் நிலைத்திருக்கப் போராடுவது அத்தொழிலின் அறம்.